படுத்தே இருக்கும் அப்பாவுக்கு அடிபடாத காலும் இளைக்கிறதே, ஏன்? விண்வெளி ஆய்வு தெரிந்தவர்களும் சொல்லுங்கள்

கடலோரத்தான், தங்கச்சிமடம்:

அப்பாவுக்கு 58 வயது, விசைப்படகு டிரைவர். இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அதன் முன்பக்க அணியத்திலிருந்து வழுக்கி விழுந்து வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. உள்ளே ராடு வைத்து ஆபரேஷன் செய்தார்கள். எலும்பு நன்றாகப் பொருந்தியிருக்கிறது என்று எக்ஸ்ரே பார்த்துச் சொல்லிவிட்டார்கள், அதில் குறையில்லை. அந்தக் காலை இப்போதைக்குத் தரையில் ஊன்ற வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். வீட்டில் அது கட்டிலை விட்டே இறங்கக் கூடாது என்று ஆகிவிட்டது. அம்மா ஒரு பக்கம், பெரியம்மா ஒரு பக்கம், பார்க்க வருகிறவர்கள் வேறு, எல்லாரும் "காலம் பூரா கடல்ல கெடந்த உடம்பு, இப்பவாவது நல்லாப் படுத்து ஓய்வெடுக்கட்டும்" என்கிறார்கள். சாப்பாடு, உடம்பு துடைப்பது, மற்றது எல்லாமே கட்டிலில்தான்.

துடைத்துவிடும்போதுதான் கவனித்தேன். வலது தொடை இளைத்திருப்பது புரிகிறது, கத்தி பட்ட இடம். ஆனால் இடது காலும் இளைத்திருக்கிறது. அப்பாவின் கெண்டைக்காலை முன்பு இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தால் விரல்கள் ஒன்றையொன்று தொடாது, இப்போது தொடுகின்றன. அடிபடாத காலுக்கு என்ன வந்தது? சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார், அதனாலா?

அப்புறம் இன்னொன்று. சுனிதா வில்லியம்ஸ் விண்வெளியிலிருந்து திரும்பியபோது ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனதைப் பார்த்தேன், அங்கே எடையில்லாமல் இருப்பதால் தசை குறையும் என்றார்கள். அதைத் தேடிப் படிக்கும்போது, அதே நிலைமையைத் தரையில் உண்டாக்க நல்ல திடகாத்திரமான ஆட்களை மாதக்கணக்கில் படுக்க வைத்து ஆய்வு செய்கிறார்கள் என்று இருந்தது. அப்படியானால் அப்பாவுக்கு நடப்பதும் அதுவும் ஒன்றா? போன சதை திரும்ப வருமா? எங்கள் அக்கா பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிறவள். "நான் பாதி நாள் தண்ணியில மிதக்கிறேன், எடையே தெரியாது, எனக்கு ஒண்ணும் எளைக்கலையே" என்கிறாள். அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.


ராம்நாட் பிசியோ:

தம்பி, வலது காலை விட இடது காலைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. வலது காலில் முறிவு, வீக்கம், ஆபரேஷன் காயம் எல்லாம் சேர்ந்திருக்கிறது, அதில் எதனால் எவ்வளவு இளைத்தது என்று பிரிக்க முடியாது. இடது காலுக்கு எதுவுமே ஆகவில்லை. அதன் வேலை மட்டும் போய்விட்டது. உடம்பைத் தாங்கி நிற்பதுதான் அதன் வேலை, அது நின்றவுடன் சதை குறைய ஆரம்பித்துவிடும். சர்க்கரை இதைக் கூட்டலாம், ஆனால் சர்க்கரையே இல்லாத இருபது வயதுப் பையனுக்கும் இதேதான் நடக்கும்.

இருபது வயது என்று சும்மா சொல்லவில்லை. 1966இல் அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்தில் இருபது வயதுள்ள ஐந்து பேரை மூன்று வாரம் படுக்க வைத்துப் பார்த்தார்கள். உழைக்கும்போது உடம்பு எடுத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு கால் பங்குக்கு மேல் விழுந்துவிட்டது. அதே ஐந்து பேரை முப்பது வருடம் கழித்து, ஐம்பது வயதில் மறுபடி கூப்பிட்டுச் சோதித்தார்கள். முப்பது வருட வயது ஏற்றம் அவர்களுடைய உழைக்கும் திறனைக் குறைத்ததை விட அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்தது அதிகம். நான் ஒவ்வொரு நோயாளியின் வீட்டிலும் இதைச் சொல்கிறேன், "ரெஸ்ட் எடுக்கட்டும் சார்" என்கிறவர்கள் கொஞ்சமாவது யோசிக்கட்டும் என்றுதான்.

எல்லாத் தசையும் ஒரே மாதிரி கரைவதில்லை. நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் பூமியின் இழுப்பை எதிர்த்துத் தாங்கிக்கொண்டே இருக்கும் தசைகள் முதலில் போகும். கெண்டைக்கால்தான் முதல், அதிலும் உள்ளடுக்கில் இருக்கும் சோலியஸ் என்ற தசை. அடுத்தது தொடையின் முன்பக்கம், பிறகு முதுகெலும்பை ஒட்டிய தசைகள். 17 வாரம் ஆட்களைப் படுக்க வைத்து ஸ்கேன் எடுத்த ஓர் ஆய்வில் கெண்டைக்காலில் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது, தொடை முன்சதையில் 16 முதல் 18 சதவீதம், கைகளில் சொல்லும்படி ஒன்றும் குறையவில்லை. உங்கள் அப்பாவின் கையைப் பாருங்கள், பெரிதாக மாறியிருக்காது. கட்டிலில் புரள்வது, தம்ளரைத் தூக்குவது, கம்பியைப் பிடித்து எழுவது என்று கைக்கு ஏதோ ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். தசை தினமும் கொஞ்சம் கரையும், கொஞ்சம் புதிதாகக் கட்டப்படும், ஆரோக்கியமாக இருக்கும்போது இரண்டும் சமமாக ஓடும். சுமை இல்லாமல் போனால் கட்டும் வேலை மந்தமாகிவிடும், கரைவது நிற்காது. அடிபட்டு ஆபரேஷனும் ஆனவருக்குக் கரைவதும் கூடும், அதனால் அப்பாவின் நிலை அந்த ஆய்வில் படுத்த திடகாத்திரர்களை விடக் கொஞ்சம் கடினமானது. இன்னொன்றையும் கவனியுங்கள்: சதை குறைவதை விட வேகமாக பலம் குறையும். நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும் விதமும் மந்தப்படுகிறது, அதனால் டேப் வைத்து அளந்தால் கொஞ்சம்தான் இளைத்திருக்கும், எழுந்து நிற்கச் சொன்னால் முழங்கால் மடங்கும். முதல் தடவை வாக்கர் பிடித்து நிற்க வைக்கும்போது பக்கத்தில் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

வயதையும் சேர்த்துப் பாருங்கள். 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அறுபதைத் தாண்டிய ஆரோக்கியமானவர்களைப் பத்தே நாள் படுக்க வைத்தார்கள், கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ சதை போய்விட்டது. இளைஞர்கள் 28 நாள் படுத்தும் அவ்வளவு இழக்கவில்லை.

டாக்டர் ஊன்ற வேண்டாம் என்று சொன்னது வலது காலை மட்டும். அதை மீறவே கூடாது. ஆனால் கட்டிலில் எழுந்து உட்கார்வது, காலைத் தொங்கப்போட்டு உட்கார்வது, வாக்கர் பிடித்து இடது காலில் நிற்பது, இதற்கெல்லாம் அனுமதி உண்டா என்று நாளைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் உண்டு என்றுதான் சொல்வார். கேட்டுவிட்டு எழுதுங்கள், பயிற்சி சொல்கிறேன்.


சின்னப்பாலம் பாசி அக்கா:

தம்பி, உங்க அக்கா சொல்வது எனக்கும் பொருந்தும், நானும் பாசிக்குப் போகிறவள்தான். ஆனால் நாங்கள் தண்ணீரில் மிதப்பது கட்டிலில் படுப்பது மாதிரியா என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கண்ணாடி போட்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு மூச்சைப் பிடித்து உள்ளே போகணும், நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்கும், அதை எதிர்த்துக் காலை அடித்துக்கொண்டே ஒரு கையால் பாறையைப் பிடித்து இன்னொரு கையால் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கணும். பிறகு மேலே வந்து மூச்சு வாங்கி மறுபடி கீழே. பை நிறைந்ததும் நனைந்த பாசியை இழுத்துக்கொண்டு கல்லிலும் சேற்றிலும் நடந்து படகுக்கு வரணும். ராத்திரி படுத்தால் தொடை வலி எனக்குத் தெரியும். எடை தெரியவில்லை என்பது உண்மை, உழைப்பு இல்லை என்பது உண்மையில்லை.

என் மாமியார் இடுப்பு எலும்பு உடைந்து படுத்தார்கள். நாங்கள் யாரும் உட்கார வைக்கவில்லை, பாசம்தான் காரணம், வேறென்ன. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் அவர்களால் நிற்க முடியவில்லை. கால் குச்சியாகிப் போயிருந்தது, முழங்கால் மடங்கியபடியே இறுகியும் விட்டது. எலும்பில் குறையில்லை, சதையில்தான் குறை என்று பிறகு சொன்னார்கள். உங்க அம்மாவிடம் இதை நான் சொன்னதாகச் சொல்லுங்கள். தங்கச்சிமடம் என்றால் ஒரு நாள் நேரிலேயே வந்து சொல்கிறேன்.


மண்டபம் வாத்தியார்:

அக்கா சொன்னதுதான் சரியான பதில், அதற்குப் பின்னால் உள்ள அறிவியலை மட்டும் சேர்க்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

எடையின்மையைத் தரையில் உண்டாக்க முக்கியமாக இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று படுக்கை. அதுவும் சாதாரணப் படுக்கை இல்லை, தலைப்பக்கம் 6 டிகிரி தாழ்ந்திருக்கும். விண்வெளியில் காலில் இருக்க வேண்டிய ரத்தமும் நீரும் மேலே ஏறி முகம் உப்பிவிடும், அதே மாதிரி இங்கேயும் ஆகட்டும் என்றுதான் இந்தச் சாய்வு. இது சோவியத் ஆராய்ச்சியாளர்களிடமிருந்து வந்தது. திரும்பி வந்த விண்வெளி வீரர்கள் சமதளமான கட்டிலில் படுத்தால் கால்பக்கம் வழுக்கி விழுவது போல இருக்கிறது என்று சொல்ல, கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்திக் கொடுத்தார்கள், அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த முறை. இப்போது ஜெர்மனியில் கொலோன் நகரத்திலும் பிரான்சில் துலூஸ் நகரத்திலும் இதற்கென்றே இடங்கள் இருக்கின்றன. 2019இல் கொலோனில் நாசாவும் ஜெர்மன், ஐரோப்பிய விண்வெளி அமைப்புகளும் சேர்ந்து ஆண்களும் பெண்களுமாக 24 பேரை 60 நாள் படுக்க வைத்தன, நம் தடைக்காலம் எவ்வளவோ அவ்வளவு காலம். தலையணை கிடையாது, சாப்பிடுவதும் குளிப்பதும் படுத்தபடி, ஒரு தோளாவது எப்போதும் மெத்தையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதில் மிக நீண்டது மாஸ்கோவில் 1986இல் தொடங்கியது, 370 நாள். அதை நடத்திய மருத்துவர் போரிஸ் மொருகோவ் பின்னாளில் 2000இல் தானே விண்வெளிக்குப் போய்வந்தார்.

இரண்டாவது வழி தண்ணீர். உங்கள் அக்கா கேட்டதற்கு இங்கேதான் பதில். தொட்டியில் வெதுவெதுப்பான நீர், அதன் மேல் பெரிய நீர்புகாத துணி, ஆளை அதில் படுக்க வைத்து இறக்கிவிடுவார்கள். துணி சுற்றிக்கொள்ளும், உடம்பு நனையாது, கழுத்துவரை மிதந்துகொண்டு எதையும் எதிர்த்து அழுத்தாமல் கிடக்க வேண்டியதுதான். சில மணி நேரத்திலேயே சோலியஸ் தசையின் இறுக்கம் தளர்ந்துவிடுகிறது, படுக்கையை விட வேகமாக. அதே தண்ணீர், அதே மிதப்பு. பாசி எடுப்பவர்கள் நீரைத் தள்ளுகிறார்கள், கல்லைப் பிடிக்கிறார்கள், மூழ்கி எழுகிறார்கள். தொட்டியில் இருப்பவர் எதையும் தள்ளுவதில்லை. ஆகவே தண்ணீர் தசையைக் கரைப்பதில்லை, தசைக்கு எதிர்ப்பே இல்லாமல் இருப்பதுதான் கரைக்கிறது. மாஸ்கோவில் இனெஸ்ஸா கோஸ்லோவ்ஸ்காயா என்ற விஞ்ஞானியின் குழு இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டது: அப்படி மிதப்பவர்களின் உள்ளங்காலில் நடை தாளத்தில் அழுத்தம் கொடுத்தால் அந்தத் தளர்ச்சி குறைகிறது. பாதம் தரையை உணர்வதே தசைக்கு ஒரு செய்தி என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

விண்வெளிக்கு வருவோம். 1970இல் சோயூஸ் 9 கலத்தில் நிக்கோலயேவ், செவஸ்தியானோவ் இருவரும் ஏறக்குறைய 18 நாள் இருந்துவிட்டு இறங்கியபோது நிற்கவும் நடக்கவும் சிரமப்பட்டார்கள், தூக்கித்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. சிறிய கலம், சரியான உடற்பயிற்சிக்கு இடமில்லை. சுனிதா 2024 ஜூன் முதல் 2025 மார்ச் வரை 286 நாள் இருந்தார். அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனது எல்லாருக்கும் செய்யும் வழக்கம். 18 நாளில் அவர்கள் பட்ட பாட்டுக்கும் இவர் 286 நாளுக்குப் பிறகு தேறியதற்கும் நடுவில் இருப்பது அங்கே தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்கிச் செய்யும் பயிற்சி. எடையே இல்லாத இடத்தில் இரும்பைத் தூக்கிப் பயனில்லை என்பதால் வெற்றிட உருளைகள் எதிர்த்து இழுக்கும் ஒரு கருவியை வைத்திருக்கிறார்கள், குந்தி எழுவது முதல் எல்லாவற்றையும் அதில் செய்கிறார்கள். ஓடுபொறியில் ஓடும்போது மிதந்து போகாமல் இருக்க வார்ப்பட்டையால் கீழே இழுத்துக் கட்டிக்கொள்கிறார்கள்.

நம் சுபான்ஷு சுக்லா 2025இல் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது செய்த சோதனைகளில் ஒன்றும் தசை பற்றியதுதான், பெங்களூரு இன்ஸ்டெம் நிறுவனத்துடையது. தசையைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் எடையின்மையில் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்பதற்கானது அது. இதெல்லாம் எங்கோ மேலே நடக்கிறது என்று நினைக்கிறோம், ஆனால் தங்கச்சிமடத்தில் கட்டிலில் கிடக்கும் ஒருவருக்கும் அதே கேள்விதான்.


கடலோரத்தான்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. சின்னப்பாலம் அக்கா எழுதியதை அம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசவே இல்லை.

டாக்டரிடம் கேட்டுவிட்டேன். உட்காரலாம், காலைத் தொங்கப் போடலாம், வாக்கர் பிடித்து இடது காலில் நிற்கலாம், வலது பாதம் தரையைத் தொடலாம் ஆனால் எடை போடக் கூடாது என்றார். பிசியோ சார், இனி என்ன செய்யட்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சாப்பாட்டில் ஒரு சந்தேகம். படுத்திருப்பவருக்குச் செரிக்காது என்று மூன்று வேளையும் கஞ்சி, ரசம் சாதம்தான் கொடுக்கிறார்கள். தையல் போட்ட புண்ணுக்கு மீன் ஆகாது என்று மீன் அறவே இல்லை. முட்டையும் மீனும் நிறையக் கொடுத்தால் இளைப்பது நின்றுவிடுமா? பெரியம்மா தினமும் எண்ணெய் தேய்த்துக் காலை நீவி விடுகிறார், அதனால் சதை ஊறும் என்கிறார்.


வார்டு நர்ஸ், பரமக்குடி:

தம்பி, முதலில் நீவுவதை நிறுத்தச் சொல்லுங்கள். ஓரிடத்தில் படுத்தே இருப்பவர்களுக்குக் கெண்டைக்காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டி நிற்கலாம், அழுத்தி நீவினால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாக, அமுக்கினால் வலிக்கிறது என்றால், அல்லது திடீரென மூச்சுத் திணறினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மேலாக எண்ணெய் தடவுவதில் தோலுக்கு நன்மை இருக்கலாம், சதை அதனால் ஊறாது.

மீன் விஷயம். இதே கரையில் பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் சுறாப் புட்டு செய்து கொடுக்கிறோம், அவள் உடம்பும் புண்பட்ட உடம்புதானே? புண் ஆறுவதற்கும் சதை கட்டுவதற்கும் புரதம் வேண்டும், கஞ்சியிலும் ரசத்திலும் அது மிகக் குறைவு. வயதானவர்கள் நோயிலோ காயத்திலோ இருக்கும்போது உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் ஒரு நாளைக்கு வேண்டும் என்று சொல்வார்கள். 60 கிலோ எடை என்றால் 70 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது, ஆகவே முட்டை, மீன், பருப்பு, பால், தயிர் என்று வேளைக்கு வேளை பிரித்துக் கொடுத்தால்தான் எட்டும். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ஒரு ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.

ஆனால் சாப்பாடு மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது. 2005இல் துலூஸில் 24 பெண்களை 60 நாள் படுக்க வைத்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரு குழு சும்மா படுத்திருந்தது, ஒரு குழுவுக்குப் புரதம் கூட்டிக் கொடுத்தார்கள், ஒரு குழு படுத்தபடியே பயிற்சி செய்தது. புரதம் மட்டும் கூட்டிய குழுவுக்குக் காலின் சதை காப்பாற்றப்படவில்லை. பயிற்சி செய்தவர்களுக்குத் தொடைச் சதை நின்றது, கெண்டைக்கால் மட்டும் கொஞ்சம் குறைந்தது. கொத்தனார் இல்லாமல் செங்கல் இறக்கிப் பயனில்லை, அவ்வளவுதான்.

சர்க்கரை அளவையும் அடிக்கடி பாருங்கள். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அதிகம் எடுத்துக்கொள்வது தசைதான், அது சும்மா கிடந்தால் சில நாளிலேயே இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகும். அதே மாத்திரை, அதே சாப்பாடு, ஆனால் அளவு ஏறி நிற்கும். வார்டில் இதை நிறையப் பார்க்கிறேன். டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம், நீங்களாகக் கூட்ட வேண்டாம். அப்புறம் பிட்டம், குதிகால் இரண்டும் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள், படுக்கைப் புண் அங்கேதான் தொடங்கும்.


ராம்நாட் பிசியோ:

நர்ஸ் அக்கா சொன்னதற்கு மேல் சாப்பாட்டில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பயிற்சிக்கு வருவோம். முதலில் இடது கால், அதற்குத் தடை எதுவும் இல்லை. படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் நன்றாக அசைப்பது, முழங்காலை மடக்கி நீட்டுவது, பிறகு ஒரு பழைய துண்டைப் பாதத்தில் மாட்டி இரண்டு முனையையும் அப்பாவே கையில் பிடித்துக்கொண்டு, துண்டு இழுக்க இழுக்க அதை எதிர்த்துக் காலால் தள்ளுவது. இந்தத் தள்ளுவதுதான் உயிர்நாடி, சும்மா அசைப்பது ரத்த ஓட்டத்துக்கு நல்லது, சதைக்குப் போதாது. வலது காலில் இப்போதைக்கு இரண்டே இரண்டு: பாதத்தை அசைப்பது, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துணி வைத்து அதைக் கீழே அமுக்கித் தொடையை இறுக்கி, ஐந்து வரை எண்ணிவிட்டுத் தளர்த்துவது. வலித்தால் நிறுத்துங்கள். மூச்சை அடக்காமல் செய்யச் சொல்லுங்கள்.

நேரம் நிறைய வேண்டும் என்று பயப்பட வேண்டாம். வாத்தியார் சொன்ன அதே கொலோனில் 60 நாள் படுத்தவர்களை வைத்து இன்னொரு ஆய்வு நடந்தது. ஒரு குழுவினர் படுத்தபடியே ஒரு சறுக்கு வண்டியில் கட்டப்பட்டு, எதிரே இருக்கும் பலகையைக் காலால் உதைத்துத் தாவ வேண்டும். ஒரு தடவைக்குச் சில நிமிடம்தான். அவர்களுடைய கால் சதையும் பலமும் பெரும்பாலும் அப்படியே நின்றன, சும்மா படுத்தவர்களுக்குக் குறைந்தன. 2019 ஆய்வில் தினமும் 30 நிமிடம் ஒரு சுழல்பொறியில் ஆளைப் படுக்க வைத்துச் சுற்றினார்கள், செயற்கையாக ஈர்ப்பு கிடைக்கட்டும் என்று. தசையைக் காக்க அது மட்டும் போதவில்லை. சுமை வந்தால் போதாது, தசை தானே முயன்று எதிர்க்க வேண்டும். உங்கள் அப்பா தாவ முடியாது, தாவவும் கூடாது, ஆனால் எதிர்த்துத் தள்ள முடியும்.

வாக்கர் பிடித்து நிற்பதை முதல் நாளே நீட்டிக்க வேண்டாம். இத்தனை நாள் படுத்தவர் எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கித் தலை சுற்றும். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார வைத்து, சுற்றல் இல்லை என்று சொன்ன பிறகு எழுப்புங்கள். உட்கார்ந்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு நாளும் கூட்டுங்கள், சாப்பாட்டை இனி நாற்காலியில்தான் கொடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிடுங்கள். படகில் ஸ்டியரிங் பிடித்தவர், அவருக்கே படுத்திருப்பது பிடிக்காது, கேட்டுப் பாருங்கள்.


கடலோரத்தான்:

கேட்டேன் சார். "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமேடா" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து சூடை மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார், அம்மா எதுவும் சொல்லவில்லை. துண்டுப் பயிற்சியைப் பத்துத் தடவை செய்யச் சொன்னால் இன்னும் கொஞ்சம் என்கிறார், எவ்வளவு வரை விடலாம்? போன சதை முழுதாகத் திரும்புமா என்று நான் முதலில் கேட்டதையும் யாராவது சொல்லுங்கள், அப்பாவுக்கு அதுதான் தெரிய வேண்டும். மறுபடி கடலுக்குப் போக வேண்டுமாம்.


ராம்நாட் பிசியோ:

கடைசி இரண்டு மூன்று தடவை தள்ளுவது கஷ்டமாக இருக்க வேண்டும், மறுநாள் வலி இல்லாமல் எழ வேண்டும், இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் விடுங்கள். சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டுவதை விடத் துண்டை இன்னும் இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

திரும்ப வரும். படுக்கை ஆய்வுகளில் படுத்தவர்களுக்கும் விண்வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் திரும்ப வந்திருக்கிறது. ஆனால் போன வேகத்தில் வராது, எலும்பு இன்னும் மெதுவாக வரும். 58 வயதில் மாதக்கணக்கில் ஆகும் என்று இப்போதே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வாக்கரை விட்ட மறுநாளே துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுவார். டாக்டர் வலது காலில் எடை போடலாம் என்று சொன்ன பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது: நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, குதிகாலை உயர்த்தி நிற்பது, படி ஏறுவது. ஆடும் படகில் நிற்கச் சமநிலையும் வேண்டும், அதற்குத் தனியாகப் பயிற்சி இருக்கிறது, அப்போது சொல்கிறேன்.

ஒரு தையல் டேப் வாங்கிக்கொள்ளுங்கள். படுத்த நிலையில், முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே பேனாவால் ஒரு கோடு போட்டு அங்கே தொடையின் சுற்றளவை எடுங்கள், கெண்டைக்காலில் மிகப் பருத்த இடத்தில் எடுங்கள், இரண்டு காலிலும். வாரம் ஒரு தடவை, அதே நாள், காலையில். வலது பக்கம் ஆபரேஷன் வீக்கம் வடிவதால் முதல் சில வாரம் அளவு இறங்கினால் பயப்பட வேண்டாம், இடது காலின் அளவை நம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துவிட்டு அடுத்த பயிற்சி சொல்கிறேன்.